இருட்டைக் கேட்டு வந்தவர்

அபனாங் தீவில் இருட்டு இல்லை என்பதுதான் மாமன்றத்துக்கு ஏற்பட்ட முதல் தடை.

அதன் முழுப்பெயர், சிறுதீவு நாடுகளின் தேங்காய் ஆற்றல் மேம்பாட்டுக்கான உலக மாமன்றம். தலைமையகம் இருக்கும் ஊரில் தென்னை முளைக்காது. வருடத்தில் பாதி பனி கொட்டும். அதனால்தான் தேங்காயை எந்தப் பற்றும் இல்லாமல் நடுநிலையோடு ஆராய முடிகிறது என்று அவர்கள் தங்கள் சிற்றேட்டில் பெருமையாகவே அச்சிட்டிருந்தார்கள்.

அந்த மாமன்றம் முதலில் ஒரு நிபுணரை அனுப்பியது. வெளிச்சம் கொடுப்பதற்கு முன் தீவில் எவ்வளவு இருட்டு இருந்தது என்று அளந்து எழுதினால்தான், பிறகு எவ்வளவு குறைந்தது என்று காட்ட முடியுமாம். பொழுது சாய்ந்ததும் அவர் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை நீட்டிக்கொண்டு, ஊர்ச்சபை கூடும் மனேபாவுக்குள் வந்தார். எங்கள் மனேபாவுக்குச் சுவர் கிடையாது. கூரையும் தூண்களும் பாய்களும்தான். அன்று அங்கே விட்டத்தில் வரிசையாகப் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. நிபுணர் கருவியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளன் இடாக்காவின் காதில் ஏதோ சொன்னார்.

இடாக்கா தலைநகரிலிருந்து வந்தவன் என்றாலும் பக்கத்துத் தீவில் பிறந்தவன். வாய் மாமன்றத்துக்கு வேலை செய்தாலும் அவன் கண் எங்கள் பக்கம்தான் இருந்தது.

"பெரியவரே, இங்க இருட்டு எப்ப வரும்னு கேக்கிறாரு."

நபுவாக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டார். அறுபதைத் தாண்டியும் அந்த முதுகு யாருக்கும் வளைந்ததில்லை. "நான் எஞ்சினை நிறுத்தினா வரும்னு சொல்லு."

அது வீண் பெருமை அல்ல. மனேபாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு தூணடி உண்டு, ஒரு கடமையும் உண்டு. ஒரு குடி சங்கு ஊதும். ஒரு குடி மீன் பங்கு வைக்கும். நபுவாக்காவின் குடி விளக்கு ஏற்றும். தென்னோலைப் பந்தம் பிடித்த காலத்திலிருந்து அவர்கள் வந்து ஏற்றாமல் சபையில் யாரும் வாய் திறந்ததில்லை. அவருடைய தகப்பனார் டெபானோ, பவளப்பாறையில் ஏறி உடைந்த மீன்கப்பல் ஒன்றிலிருந்து எஞ்சினைக் கழற்றிவந்து, டீசல் படகு வராத நாட்களில் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பழக்கினார். அது ஓடும்போது ஊரே பலகாரம் சுடும் வீடு போல மணக்கும்.

நிபுணர் எஞ்சினைச் சுற்றிவந்தார். மோந்தும் பார்த்தார்.

"இது ஓடவே முடியாதாம்," என்றான் இடாக்கா, யார் முகத்தையும் பார்க்காமல். "தேங்காய் எண்ணெயில எஞ்சின் ஓடுமான்னு மாமன்றம் இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காம். முடிவு வரலையாம்."

நபுவாக்காவின் மைத்துனன் மோட்டே பாயில் படுத்தபடியே கேட்டான். "அப்ப ஓடலையா மச்சான்? நாம சத்தத்தை மட்டும்தான் கேட்டுக்கிட்டிருக்கோமா?"

நிபுணர் அடுத்த படகில் திரும்பிப் போனார். அபனாங்கில் போதிய இருட்டு கிடைக்கவில்லை என்று அவர் போய்ச் சொன்னதில் தலைமையகமே கலங்கிவிட்டதாம். அதனால் தலைமை இயக்குநர் டாக்டர் ஹோக் தாமே புறப்பட்டு வந்தார்.

டாக்டர் ஹோக் தமக்கென்று மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவந்திருந்தார். விருந்தினருக்கென்று விரித்திருந்த புதுத் தாழைப்பாயைத் தாண்டி நேரே நடந்து, நபுவாக்காவின் தூணடியில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். அங்கேதான் பெரிய பல்பு இருக்கிறது, படம் நன்றாக விழும் என்று அவருடைய படக்காரர் சொல்லியிருந்தார். சபை மூச்சை உள்ளே இழுத்தது. ஒரு குடியின் தூணடியில் அந்தக் குடியில் பிறந்தவர் உட்காரலாம், தத்தெடுக்கப்பட்டவர் உட்காரலாம். வேறு யாரும் உட்கார்ந்து எங்களில் எவரும் பார்த்ததில்லை. விருந்தாளியை எழுந்திரு என்று சொல்லியும் எங்களுக்குப் பழக்கமில்லை.

டாக்டர் ஹோக் கண் கூசாமல் இருக்கக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"இருளில் வாடும் அன்பு மக்களே! பதினோரு ஆண்டுகளாக எங்கள் மாமன்றம் தேங்காயை ஆராய்ந்து வருகிறது. இதுவரை ஒரு முடிவுக்கும் வரவில்லை. இதைவிடப் பெரிய நேர்மை எந்த நிறுவனத்திடம் உண்டு? முடிவுக்கு வந்துவிட்டால் மாமன்றத்தையே கலைக்க வேண்டியிருக்கும். அந்தப் பேரிழப்பை உங்கள் தோள்மேல் சுமத்த எனக்கு மனமில்லை. உங்களுக்கு ஒளி தர நாங்கள் துடிக்கிறோம். ஆனால் விதிப்படி, ஏற்கெனவே ஒளி உள்ளவர்களுக்கு ஒளி தர இயலாது. ஆகவே உங்கள் பண்பாட்டின்படியே நான் ஒன்று கேட்கிறேன். புபுசி!"

அந்தச் சொல்லை மட்டும் அவர் எங்கள் மொழியிலேயே சொன்னார். யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உறவுக்காரன் ஒருவன் புபுசி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், படகானாலும் பன்றியானாலும் கொடுத்தாக வேண்டும். மறுப்பது குடிக்கே தலைகுனிவு. கொடுத்தவர் பிறகொரு நாள் அவனிடம் கேட்பார். அப்போது அவனும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பின்பாதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அந்த எஞ்சினை எனக்குக் கொடுங்கள்," என்றார் டாக்டர் ஹோக்.

நபுவாக்காவின் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி டெரேசியா முழங்கையால் இடித்தாள். "குடுத்துடாதீங்க. அவன் என்ன நமக்கு உறவா?"

"நம்ம தூணடியில உக்காந்திருக்கான்."

"தெரியாம உக்காந்திருக்கான்."

"தெரிஞ்சோ தெரியாமலோ, ஊர் பாக்க உக்காந்துட்டான். எழுப்பிவிட்டா நமக்கு அசிங்கம். அங்க உக்காந்து கேட்டவனுக்கு இல்லைன்னு சொன்னா அதைவிட அசிங்கம்."

அவர் எழுந்து நின்றார். "எடுத்துக்கங்க."

எஞ்சினை மரப்பெட்டியில் வைத்து, படகுத்துறைத் தகரக் கொட்டகையில் பூட்டினார்கள். அன்று மாலை அபனாங்கில் முதல்முறையாக இருட்டு வந்தது. மாமன்றத்தார் கைதட்டி அதை வரவேற்றார்கள்.

ஆண்டு விருந்துக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. ஆனாலும் நபுவாக்காவுக்கு அப்போதே அந்த நாள் நெஞ்சில் தைத்தது. அந்த விருந்துக்கு எல்லாத் தீவுகளிலிருந்தும் குடிகள் வந்து சேரும். அன்றைக்குத் தன் கடமையைச் செய்யத் தவறிய குடி தூணடியை இழக்கும். அதன் பாயைச் சுருட்டி, ஆட்கள் வந்துபோகும் வாசல் ஓரத்தில் விரித்துவிடுவார்கள். அங்கேயிருந்து உள்ளே திரும்பியவர்களை யாருக்கும் நினைவில்லை. டெபானோவின் மகன் வாசல் ஓரத்தில், நாய்கள் படுக்கும் இடத்தில்! பல்பு எரிந்த சபையில் மறுபடி ஓலைப் பந்தத்தோடு போய் நிற்பதும் அவருக்கு அதற்குச் சமம்தான்.

நிபுணர் மறுபடி வந்தார். இம்முறை இருட்டு திருப்தியாக இருந்தது. மூன்றாம் நாள் முதல் வளர்பிறை தொந்தரவு செய்தது. கருவியை வானத்தை நோக்கிப் பிடித்துவிட்டு, பதிவு பெறாத ஒளிமூலம் ஒன்று இயங்கிவருவதாக அவர் இடாக்காவிடம் முறையிட்டார்.

"பெரியவரே, நிலா யாருக்குச் சொந்தம்னு கேக்கிறாரு. கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு எனக்கு."

நபுவாக்கா திகைத்துப் போனார். "அதையும் கேக்கப் போறாங்களா? கேட்டா குடுத்துத்தான் ஆகணும். ஆனா அது எங்க குடியோடது இல்லைன்னு சொல்லிடு."

உரிமையாளர் தலைமறைவு என்று நிபுணர் எழுதிக்கொண்டார்.

பிறகு தேங்காய் அறிமுகப் பட்டறை நடந்தது. பயிற்சி அம்மையார் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த தேங்காய் ஒன்றை எடுத்துச் சபையில் கைமாற விட்டார். தேங்காய்க்கு வெளிப்புறம், உட்புறம் என இரு புறங்கள் உண்டு என்று விளக்கினார். மோட்டே அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றார் நபுவாக்கா.

"உள்ள ஒண்ணுமே இல்ல மச்சான். தலைமையகத்துல காய்ச்சது."

எல்லோருக்கும் மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார்கள். மரம் ஏறுபவர் இனிமேல் பூட்ஸ் அணிய வேண்டும், உயரத்தில் பாடக் கூடாது, பாட்டு கவனத்தைச் சிதைக்கும் என்று விதி வந்தது. எங்கள் ஆட்கள் பதநீர் இறக்க மரம் ஏறினால் பாடிக்கொண்டேதான் இருப்பார்கள். மேலே ஆள் இருக்கிறது, விலகிப் போ என்று கீழே போகிறவர்களுக்கு அதுதான் சொல்லும். விதியை மதித்து மோட்டே மறுநாள் வாயை மூடிக்கொண்டு ஏறினான். பூட்ஸ் வழுக்கியது. பதநீர்க் குடுவை கைநழுவி, கீழே நடந்துபோன பயிற்சி அம்மையாரின் தலைக்கவசத்தில் விழுந்தது. தலைக்கவசம் ஓர் உயிரைக் காத்தது என்று மாமன்றம் அதைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டது.

இதற்கிடையில் கடற்கரையில் வெள்ளைக் கட்டடம் எழும்பியது. நிலம் கேட்டார்கள், கொடுத்தோம். உள்ளே புது எந்திரம் வந்தது. ஆனால் எங்கள் எண்ணெய்க்குச் சான்றிதழ் இல்லாததால் அது அதைக் குடிக்காதாம். ஒரு போத்தலில் எண்ணெய் நிரப்பித் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். பதில் பல நாள் கழித்து வந்தது. வந்து சேர்ந்தது எண்ணெயே அல்ல, கெட்டியான வெள்ளை மெழுகு. தீவார் ஏமாற்றியிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுகிறது.

"அங்க குளிர்ல உறைஞ்சிருக்கும்," என்றாள் டெரேசியா. "கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சுப் பாக்கச் சொல்லேன் இடாக்கா."

"சொன்னேன்க்கா. வெயிலுக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்களாம்."

அதுவரை இடைக்கால ஏற்பாடாகப் புது எந்திரம் டீசலில் ஓடியது. படகு டீசல் கொண்டுவந்தால், அந்த டீசலைக் கொண்டு, தேங்காய் எண்ணெயில் எந்திரம் ஓடுவது பற்றிய விளக்கப்படத்தை வெள்ளைக் கட்டடத்தில் திரையிடுவார்கள். மனேபாவுக்கு மின்சாரம் தர விதி இடம் கொடுக்கவில்லை. அங்கே இருட்டை இன்னும் அளந்துகொண்டிருந்தார்கள்.

திறப்பு விழாவுக்கு டாக்டர் ஹோக் நாள் குறித்தார். தீவில் கூட்டம் இருக்கும், படம் நிறைவாக விழும் என்று ஆண்டு விருந்து நாளையே எடுத்துக்கொண்டார்.

நபுவாக்கா இடாக்காவைக் கூப்பிட்டு விட்டார். "அந்த ஒரு பொழுதுக்காவது எஞ்சினைத் தருவாங்களா?"

"கேட்டுப் பாத்துட்டேன் பெரியவரே. அந்தப் பெட்டியைத் திறந்தா இதுவரைக்கும் அளந்த இருட்டெல்லாம் கெட்டுப் போயிடுமாம்."

"ஒரு கடப்பாரை போதும்," என்றான் மோட்டே. "அந்தப் பூட்டு என் பல்லுக்குக் கூடத் தாங்காது. வாங்க, போய் எடுத்துட்டு வந்துடுவோம்."

"வாயை மூடு. குடுத்ததைத் திருடற குடியா நாம?"

"அப்ப வாசல் ஓரத்துக்குப் போகலாம். நான் பாயைச் சுருட்டட்டுமா? நாய்ங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும்."

நபுவாக்கா காயல் ஓரம் வரை நடந்து போனார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. "நான் கேட்டு வாங்கறேன்."

"யார்கிட்ட? ஊர் பேர் தெரியாதவன்கிட்டப் போய் எப்படிக் கேப்பீங்க?" என்றாள் டெரேசியா. "உறவுன்னாத்தானே கேக்கறதுக்கு வாய் வரும்?"

"உறவுன்னு அவன் வாயாலயே சொல்லட்டும்."

விருந்து நாளன்று காயலில் படகுகள் நிறைந்தன. பன்றியும் மீனும் சுட்டு, சதுப்புக் கிழங்கு வேகவைத்து, எல்லாக் குடிகளும் தத்தம் தூணடியில் அமர்ந்தார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்க் குடிகள் விட்டத்தையும் நபுவாக்காவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அடுத்த தூணடிக்காரர் தற்செயலாகக் கொண்டுவந்ததுபோல ஒரு மண்ணெண்ணெய் விளக்கைத் துணிக்குள் வைத்திருந்தார்.

மாமன்றத்துக்குப் பணம் கொடுக்கும் நாடுகளின் பிரதிநிதிகள் வெள்ளைக் கப்பலிலிருந்து வந்து இறங்கினார்கள். டாக்டர் ஹோக் பழைய இடத்திலேயே நாற்காலியை விரித்தார். நபுவாக்கா தம் பாயை அவருக்காக நகர்த்திக்கொடுத்தார். டெரேசியா அவர் கழுத்தில் மாலை போட்டாள்.

"மாண்புமிகு பிரதிநிதிகளே," என்று டாக்டர் ஹோக் தொடங்கினார். "இம்மக்களின் உயர்ந்த பண்பாட்டுச் செல்வம், கேட்டதை மறுக்காமல் கொடுப்பது. மற்ற நாடுகளில் நிலத்துக்காகவும் ஒப்புதலுக்காகவும் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டியிருக்கிறது. இங்கே நிலம் கேட்டோம், கொடுத்தார்கள். எஞ்சின் கேட்டோம், கொடுத்தார்கள். மீனோ, கேட்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. இதனால் மிச்சமான தொகையைக் கொண்டு, இந்த அரிய பண்பாடு அழியாமல் காப்பது எப்படி என்று எங்கள் ஊரில் ஒரு கருத்தரங்கு நடத்தவிருக்கிறோம். நான் இங்கே அந்நியன் அல்லன். முதல் நாளே இந்த இடத்தில் அமர்த்தி, என்னைத் தங்கள் குடும்பத்தவனாக ஏற்றுக்கொண்டார்கள். இன்று நான் இவர்களின் உறவினன்."

நபுவாக்கா எழுந்தார். "இடாக்கா, கடைசியாச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லு. கடைக்கோடி வரைக்கும் கேக்கணும்."

டாக்டர் ஹோக் நெகிழ்ந்து போனார். நெஞ்சில் கை வைத்து, படக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி, முன்னைவிட உரக்கச் சொன்னார்.

"நல்லது," என்றார் நபுவாக்கா. "அப்ப நம்ம வீட்டுப் பிள்ளை. தம்பி, எனக்கு எஞ்சின் வேணும். புபுசி."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. டாக்டர் ஹோக் சிரித்தார். பிரதிநிதிகள் கைதட்டினார்கள். இப்படி ஓர் உயிருள்ள பண்பாட்டு நிகழ்ச்சி அவர்கள் பயணத்திட்டத்தில் இல்லை. கைதட்டலுக்கு நடுவே மறுக்க முடியாமல், அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"அந்த வெள்ளைக் கட்டடமும் வேணும் தம்பி. நிலம் நம்முடையதுதானே, வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்."

டாக்டர் ஹோக்கின் சிரிப்பு சற்றுத் தளர்ந்தது. பிரதிநிதிகள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர் தலையசைத்தார்.

டெரேசியா எழுந்தாள். "எனக்கு அந்த நாற்காலி. நம்ம வீட்டு ஆம்பளை பாயிலதான் உக்காரணும்."

நாற்காலி போயிற்று. மாமன்றத்தின் தலைமை இயக்குநர் மாலையோடு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த பூட்ஸ்," என்றான் மோட்டே. "மரம் ஏற விதி கேக்குது, மாமன்றம் குடுத்தது வழுக்குது."

டாக்டர் ஹோக் கயிற்றை அவிழ்த்தபடி இடாக்காவிடம் கிசுகிசுத்தார். இது எப்போது முடியும் என்று கேட்டாராம்.

"கேக்கறவங்க முடிக்கும்போது முடியும் சார்," என்றான் இடாக்கா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மா வழியில நானும் இந்தக் குடிதான் சார். எனக்கு ரெண்டு வருஷமா நீங்க தராத லீவு வேணும்."

சபை சிரித்து ஓய்ந்தது. நபுவாக்கா சிரிக்கவில்லை. பழையபடி விறைப்பாக நின்றார்.

"கடைசியா ஒண்ணு தம்பி. இந்தத் தீவுல நீங்க வர்ற வரைக்கும் விளக்கே எரிஞ்சதில்லைன்னு உங்க புத்தகத்துல போட்டு ஊர் ஊரா அனுப்பியிருக்கீங்களாம். எங்க அப்பா ஏத்தினது, அவங்க அப்பா ஏத்தினது, அதுக்கு முன்னாடி ஏத்தினது எல்லாம் எங்க போச்சு? அந்த ஒரு வரியைக் குடுங்க. அதை எடுத்துட்டேன்னு இங்கேயே சொல்லுங்க. புபுசி."

டாக்டர் ஹோக் கழற்றிய பூட்ஸை மோட்டேயிடம் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை மட்டும் தர இயலாது. மாமன்றமே அதன்மேல்தான் நிற்கிறது."

இடாக்கா அதை மெதுவாக மொழிபெயர்த்தான். தன் தூணடியில் உட்கார்ந்துகொண்டு, சொந்த அண்ணன் கேட்டதை ஒருவன் ஊர் முன்னால் மறுத்துவிட்டான். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வயதில் மூத்த பிரதிநிதி ஒருவர் அண்ணாந்து, விட்டத்தில் புகையேறிக் கறுத்துத் தொங்கும் பழைய பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார்.

நபுவாக்கா சபையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு, யாருக்கும் வளையாத அந்த முதுகை முதல்முறையாகக் கொஞ்சம் வளைத்தார்.

"ஊர் மன்னிக்கணும். இவன் எங்க வீட்டு ஆளு. அவன் பண்ணின அசிங்கம் எங்க அசிங்கம். தென்னை முளைக்காத ஊர்ல வளந்த பிள்ளை. எடுத்துச் சொல்ல அங்க ஆள் இல்லை. அதை மூட வேண்டியது எங்க பொறுப்பு."

அவர் சாவியோடு படகுத்துறைக்கு நடந்தார். மோட்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் போனான். பெட்டியோடு எஞ்சினைத் தூக்கிவர, கூப்பிடாமலே எல்லாக் குடியிலிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள். அடுத்த தூணடிக்காரரும் விளக்கைத் துணியில் சுற்றிவைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு ஓடியது. மனேபாவெங்கும் பலகார மணம் பரவியது. பல்புகள் எரிந்தன. சங்குக் குடி சங்கை ஊத, விருந்து தொடங்கியது. டாக்டர் ஹோக்குக்கும் வீட்டுப் பிள்ளைக்குரிய மீன் பங்கு குறையாமல் வந்தது. அவர் அதைச் சாப்பிடாமல் வெறுங்காலோடு கப்பல் ஏறினார்.

அந்த ஆண்டு மாமன்றம் வெளியிட்ட சிற்றேட்டில் அபனாங் முன்மாதிரித் தீவாகப் போற்றப்பட்டிருந்தது. திட்டம் முழுவதும் மக்களின் உடைமையாக மாறியது மாமன்ற வரலாற்றில் இதுவே முதல்முறையாம். இருட்டு பற்றிய வரியும் அப்படியே இருந்தது.

வெள்ளைக் கட்டடத்தில் இப்போது கொப்பரை காய்கிறது. பூட்ஸ் மோட்டேயின் காலுக்குச் சேரவில்லை. அது நபுவாக்காவின் தூணில் கயிறு கட்டித் தொங்குகிறது. கப்பலில் வருகிற எவராவது அதைக் காட்டிக் கேட்டால் நபுவாக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே பதில்தான் சொல்கிறார்.

"எங்க தம்பியோடது. எங்களுக்கு ஒரு வரி தர வேண்டியிருக்கு அவன். அதைக் கொண்டாந்து இந்தப் பாயில உக்காந்து, பூட்ஸ் வேணும்னு கேக்கட்டும். இல்லைன்னு சொல்ற குடி இல்லை நாங்க."